சேலத்தில் புதுக் குடித்தனம்: நேரத்தை மிச்சப்படுத்தும் கருவிகளை எந்த வரிசையில் வாங்குவது?

சேலத்துக்கு மாற்றலாகி வந்த முதல் வாரத்திலேயே துணி துவைக்கும் இயந்திரம் வாங்கிவிட்டோம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டில் இரண்டு குழந்தைகள், மாமியார். துவைப்பதற்கு ஆளில்லை என்பதால் அதுதான் முதல் தேவை என்று பட்டது. ஆனால் வாங்கிய இயந்திரம் அட்டைப்பெட்டிக்குள்ளேயே 23 நாள் கூடத்தில் நின்றது. தண்ணீர் வேகம் போதவில்லை, பிளக் பாயிண்ட் சரியில்லை, வெளியேறும் தண்ணீருக்கு வழியில்லை. ஒவ்வொன்றையும் சரிசெய்ய ஒவ்வொருவர் வந்து, ஒவ்வொரு தடவையும் காசு வாங்கிப் போனார்கள். அந்த 23 நாளும் நானும் மாமியாரும் கையால்தான் துவைத்தோம்.

அதன்பிறகு எரிவாயு, மின்சாரம், தண்ணீர், சமையலறை என்று எல்லாவற்றிலும் ஒரே பாடத்தைத்தான் படித்தேன். கருவி நேரத்தை மிச்சப்படுத்த வேண்டுமானால், கருவிக்கு முன் வீடு தயாராக வேண்டும். வரிசை மாறினால் கருவியே நேரத்தைத் தின்னும். சேலத்தில் புதிதாகக் குடியேறுகிறவர்கள், குறிப்பாகத் திருமணமாகித் தனிக்குடித்தனம் தொடங்குகிறவர்கள், நான் பட்ட பாட்டைப் படவேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். விலை என்று நான் சொல்வதெல்லாம் நான் கொடுத்த தொகை. கடைக்குக் கடை மாறும்.

1. முதல் வாரம் எதையும் வாங்காதீர்கள்; நேரத்தை எழுதுங்கள்

ஒரு பழைய நோட்டை எடுத்துச் சமையலறைச் சுவரில் தொங்கவிடுங்கள். யார், எந்த வேலைக்கு, எத்தனை நிமிடம் செலவிட்டார்கள் என்று ஏழு நாள் எழுதுங்கள். துல்லியமாக இருக்கவேண்டியதில்லை. தண்ணீர் பிடிக்க 20 நிமிடம், துணிக்கு 50 நிமிடம், பாத்திரத்துக்கு 40 நிமிடம் என்று தோராயமாகப் போதும்.

எங்கள் நோட்டில் வந்த கணக்கு என்னைத் திடுக்கிட வைத்தது. அதிக நேரம் போனது துணிக்கு இல்லை. தண்ணீருக்கும் காலைச் சமையலுக்கும்தான். மோட்டார் போட்டுவிட்டு, தொட்டி நிறைந்ததா என்று மாடிக்கு ஏறி இறங்குவதிலேயே நாளுக்கு அரை மணி நேரம் போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுக்கும் கருவியின் விலை, துவைக்கும் இயந்திரத்தின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. நாளொன்றுக்கு எனக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். என் கணவருக்கு அரை மணிக்கும் குறைவு. அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசியபோது சண்டை வரவில்லை. தண்ணீர், சந்தை, துணி காயப்போடுவது மூன்றும் அவர் பொறுப்பு என்று அன்றே முடிவாயிற்று. எந்தக் கருவியும் எனக்கு அவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தித் தரவில்லை.

2. ஒரே பையில் எல்லா ஆவணங்களும்

வாடகை வீட்டில் இருப்பவருக்கு எங்கே போனாலும் முகவரிச் சான்று கேட்பார்கள். ஆதார் பழைய ஊரில் இருக்கும். எனவே வீட்டு உரிமையாளரிடம் முன்பணம் கொடுக்கும் அன்றே இவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்: கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம், அவருடைய சமீபத்திய மின்கட்டண ரசீதின் நகல், வீட்டு வரி ரசீதின் நகல். பிறகு கேட்டால் அவர் வெளியூரில் இருப்பார். எங்கள் உரிமையாளர் நல்ல மனிதர். ஆனாலும் அந்த ஒரு நகலுக்காக ஒன்பது நாள் காத்திருந்தேன்.

இவற்றோடு ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றில் நான்கு நான்கு நகல், ஆளுக்கு நான்கு புகைப்படம். எல்லாவற்றையும் ஒரு ஜிப் வைத்த பையில் போட்டுவிடுங்கள். அதே நாளில் எல்லாவற்றையும் கைப்பேசியிலும் படம்பிடித்து ஒரே தொகுப்பில் வையுங்கள். இணையத்தில் விண்ணப்பிக்கும்போது தேட வேண்டியிருக்காது.

3. எரிவாயு இணைப்பு

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவது. ஊர் மாறும்போது அவற்றைப் பழைய ஏஜென்சியிடமே ஒப்படைத்து, டிரான்ஸ்பர் வவுச்சரும் வைப்புத்தொகையும் வாங்கிவர வேண்டும். புதிய ஊரில் அந்த வவுச்சரைக் காட்டி, நடப்பு விகிதத்தில் வைப்புத்தொகை கட்டினால் இணைப்பு கிடைக்கும். நாங்கள் அதைச் செய்யாமல் வந்ததால் மறுபடி பழைய ஊருக்குப் போய்வர வேண்டியிருந்தது. 17 நாள் மின்சார அடுப்பில் ஓட்டினோம்.

புது இணைப்பு வாங்குகிறவர்களுக்கு, 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டருக்கு 2022 ஜூன் முதல் வைப்புத்தொகை 2,200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250 ரூபாய். இவை இரண்டும் இணைப்பை ஒப்படைக்கும்போது திரும்பக் கிடைக்கும் பணம். ரசீதைத் தொலைக்காதீர்கள். குழாய், புத்தகம், பொருத்துக் கூலி ஆகியவை தனி. உங்களிடம் அடுப்பு இருந்தால் ஏஜென்சியில் புதிதாக அடுப்பு வாங்கியே ஆகவேண்டும் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படி ஒரு விதி கிடையாது.

சிலிண்டர் வரும்போது மூன்றைப் பாருங்கள். ஒன்று, முத்திரை உடையாமல் இருக்க வேண்டும். இரண்டு, எடை. சிலிண்டரின் மேல் வளையத்தை ஒட்டிக் காலி எடை எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ கூட்டினால் வரவேண்டிய எடை. கொண்டுவருபவரிடம் தராசு இருக்க வேண்டும், கேட்டு நிறுத்துப் பாருங்கள். மூன்றாவது பலருக்குத் தெரியாது. வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும், பக்கத்தில் இரண்டு இலக்க ஆண்டும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், இப்படியே டி வரை. அந்தக் காலாண்டுக்குள் சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். காலம் கடந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கைப்பேசிக்கு வரும் விநியோகக் குறியீட்டைச் சிலிண்டர் வாசலுக்கு வந்தபிறகுதான் சொல்லவேண்டும். கசிவு என்றால் அழைக்க வேண்டிய எண் 1906. அதை அடுப்புக்கு மேலே எழுதி ஒட்டுங்கள்.

4. மின்சாரம்: பிளக்கும் கணக்கும்

வீட்டுக்குள் நுழைந்த அன்றே மீட்டரைப் படம்பிடியுங்கள். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. நடுவில் குடிவந்தால் முன்னால் இருந்தவர் எரித்ததும் உங்கள் தலையில் விழும். மின் இணைப்பு எண்ணோடு உங்கள் கைப்பேசி எண்ணைப் பதிவுசெய்யுங்கள். ரீடிங் எடுத்ததும் குறுஞ்செய்தி வரும், அன்றிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். வரிசையில் நிற்கத் தேவையே இல்லை.

இனி கருவிகளுக்கான கணக்கு. 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2,000 வாட் மின்சார அடுப்பு அரை மணியில் ஒரு யூனிட் குடித்துவிடும். 150 வாட் கிரைண்டர் அதே அரை மணியில் பத்தில் ஒரு பங்கு யூனிட்டைக்கூடத் தொடாது. சூடாக்கும் கருவிதான் மின்சாரத்தைத் தின்னும். சுற்றும் கருவி அவ்வளவு தின்னாது. இதை மனத்தில் வைத்தால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று புரியும்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் கூடிவிடும். எங்களுக்கு ஒருமுறை 512 வந்தது. அந்த 12 யூனிட் எங்களுக்குப் பெரிய செலவு வைத்தது. அதற்குப் பிறகு ரீடிங் நாளுக்கு ஒரு வாரம் முன்பு மீட்டரைப் பார்த்துவிடுகிறேன்.

பிளக் விஷயத்தில் கவனமாக இருங்கள். 2,000 வாட் கருவி ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. மின்சார அடுப்பை மாற்று பிளக் போட்டு அதில் செருகி எரித்தோம்; பத்தாவது நாள் சாக்கெட் கருகிச் சுவர் கறுத்தது. துவைக்கும் இயந்திரம், மின்சார அடுப்பு, வெந்நீர்க் கருவி மூன்றுக்கும் நில இணைப்புள்ள 16 ஆம்பியர் பாயிண்ட் தனித்தனியாக வேண்டும். ஒரு பாயிண்ட் போட எங்களுக்குப் பொருளும் கூலியுமாக 900 ரூபாய் ஆயிற்று. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கும். நாளிதழில் முன்கூட்டியே வரும். அன்றைக்கு அரைப்பதையும் துவைப்பதையும் முந்தின நாளே முடித்துக்கொள்ளுங்கள். புகாருக்கு மின்னகம் எண் 94987 94987.

5. தண்ணீர்: இதில்தான் அதிக நேரம் இருக்கிறது

சேலத்துக் குடும்பங்களில் இரண்டு தண்ணீர் உண்டு. மாநகராட்சிக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் நல்ல தண்ணீர். போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் தினமும் வராது. எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு என்பதைப் பக்கத்து வீட்டில் கேட்டு நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இதை வீடு பார்க்கும்போதே கேட்பது இன்னும் நல்லது. நல்ல தண்ணீருக்குத் தனி சம்ப் இருக்கிறதா, இல்லை குடத்தில்தான் பிடிக்க வேண்டுமா என்பதைப் பொறுத்து உங்கள் காலை மாறும்.

முதலில் வாங்க வேண்டிய கருவி, தொட்டி நிறைந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் நீர்மட்டக் கட்டுப்பாட்டுக் கருவி. மாடித் தொட்டியில் ஒன்றும் சம்ப்பில் ஒன்றுமாக இரண்டு உணரிகள் இருக்கும் வகையை வாங்குங்கள். சம்ப்பில் தண்ணீர் தீர்ந்தாலும் மோட்டார் நின்றுவிடும், காற்றில் ஓடிக் கெடாது. எனக்குக் கருவி 2,800 ரூபாய், பொருத்துக் கூலி 700 ரூபாய். உரிமையாளரிடம் அனுமதி கேட்டபோது பாதிப் பணத்தை அவரே கொடுத்தார், மோட்டார் அவருடையதுதானே.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கடையில் முதலில் காட்டுவது, உலோகக் கம்பி முனைகள் தண்ணீரில் தொங்கும் மலிவான வகை. நம் உப்புத் தண்ணீரில் அந்த முனைகளில் சில மாதங்களிலேயே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்துவிடும். படிந்தால் தொட்டி நிறைந்ததை அது உணராது. மிதவை வகையைக் கேட்டு வாங்குங்கள். பத்து நிமிட வேலையைத் தானாகச் செய்கிற கருவியை மாதா மாதம் சுரண்டிக்கொண்டிருந்தால் வாங்கியதில் பொருளில்லை.

உப்பு எவ்வளவு என்று பார்க்க ஒரு எளிய வழி. ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு, ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் போர் தண்ணீர் எடுத்து, ஒரே அளவு சோப்புத் துருவலைப் போட்டுக் குலுக்குங்கள். நல்ல தண்ணீரில் நுரை கழுத்துவரை ஏறும். எங்கள் போர் தண்ணீரில் நுரை வராமல் தயிர் திரிந்ததுபோல வெள்ளைத் திப்பிகள் மிதந்தன. இப்படி இருந்தால் துணிக்கு அதிக சோப்பு வேண்டும், வெந்நீர்க் கருவிக்குள் சுண்ணாம்பு கட்டும், குழாய் வடிகட்டி அடைக்கும். அடுத்த கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

6. துவைக்கும் இயந்திரம்: கடைக்குப் போகும் முன் ஐந்து அளவுகள்

நிறுவ வந்த இளைஞர் குழாயைத் திறந்து பார்த்த உடனே சொல்லிவிட்டார்: “இந்தத் தண்ணீர் வேகத்துக்கு மெஷின் ஓடாது, அக்கா.” அவர் சொன்ன காரணத்தை நான் கடையிலேயே கேட்டிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

முதல் அளவு, உயரம். தண்ணீர் நிற்கும் உயரம் பத்து மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். ஒரு மீட்டருக்கு 0.1 பார். முன்கதவு வகை இயந்திரங்கள் பலவற்றுக்குக் குறைந்தது 0.3 பார் வேண்டும், அதாவது குழாய்க்கு மேலே மூன்று மீட்டர் உயரத்தில் தொட்டி. மேல் மாடியில் குடியிருந்து, தொட்டி உங்கள் தலைக்கு மேலேயே தளத்தில் உட்கார்ந்திருந்தால் இரண்டு மீட்டர்தான் கிடைக்கும். கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு இந்தச் சிக்கலே வராது. மேல் மாடி வீட்டில் காற்று நன்றாக வரும். தண்ணீர்தான் மெதுவாக வரும்.

இரண்டாவது, வேகம். பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை நேரம் ஆகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் நான்கு நிமிடம். இந்த எண்ணையும் உயரத்தையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போய், நீங்கள் வாங்க நினைக்கும் மாதிரியின் கையேட்டில் நீர் அழுத்தம் எவ்வளவு கேட்கிறார்கள் என்று பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். “ஓடும், ஓடும்” என்ற வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். எனக்குச் சொல்லப்பட்டதும் அதுதான்.

மூன்றாவது, இயந்திரம் நிற்கும் இடத்தின் அகலம், ஆழம், அங்கே போய்ச் சேரும் கதவின் அகலம். ஆழத்தில் பின்புறக் குழாய்க்காக நான்கு விரல்கடை கூட்டிக்கொள்ளுங்கள். நான்காவது, 16 ஆம்பியர் பாயிண்டுக்கும் இயந்திரத்துக்கும் உள்ள தூரம். நீட்டிப்புப் பெட்டியில் செருகக் கூடாது. ஐந்தாவது, வெளியேறும் தண்ணீருக்கு வழி. குழாயைத் தரையில் போட்டால் சில மாதிரிகளில் உள்ளே வரும் தண்ணீர் உடனுக்குடன் வெளியே ஓடிவிடும். கையேட்டில் சொன்ன உயரத்தில் குழாயை மாட்ட வேண்டும்.

அழுத்தம் போதாதென்றால் மூன்று வழிகள். தொட்டியை உயர்த்தலாம், வாடகைக்காரருக்கு அது நடக்காத காரியம். குழாயில் சின்ன அழுத்த பம்ப் பொருத்தலாம். இல்லையென்றால் மேல்கதவு வகை வாங்கலாம். குழாய் மெதுவாக வந்தாலும் வாளியால் ஊற்றி நிரப்பிவிட முடியும். என் கருத்து, மேல் மாடி வாடகை வீட்டுக்கு மேல்கதவு வகையே நிம்மதி. நாங்கள் ஏற்கெனவே முன்கதவு வகை வாங்கிவிட்டதால் பம்ப் பொருத்தினோம். பம்ப், குழாய் வேலை, பாயிண்ட், இரண்டாம் முறை வந்ததற்கான கட்டணம் எல்லாம் சேர்ந்து 7,400 ரூபாய். கடையில் நான் பேரம் பேசிக் குறைத்தது 1,500 ரூபாய்.

இலவச நிறுவல் என்று விளம்பரத்தில் இருக்கும். தாங்கி, குழாய் முனை, கூடுதல் நீளக் குழாய் எதுவும் அதில் அடங்காது. எவை தனி என்பதைப் பில்லின் பின்புறத்தில் எழுதி வாங்குங்கள்.

முன்கதவு வகை வாங்கினால், பின்புறத்தில் உள்ள போக்குவரத்து போல்ட்டுகளைக் கழற்றிவிட்டார்களா என்று நீங்களே பாருங்கள். பயணத்தில் டிரம் ஆடாமல் இருக்கப் போடுகிற நீண்ட போல்ட்டுகள் அவை, பெரும்பாலும் நான்கு. கழற்றாமல் ஓட்டினால் இயந்திரம் கூடத்தைக் குலுக்கும், உள்ளே உடையும். கழற்றியதைக் குப்பையில் போடவிடாதீர்கள்.

உப்புத் தண்ணீர் வீட்டுக்காரர்கள் மாதம் ஒருமுறை சுண்ணாம்பு நீக்கும் பொடி போட்டுக் காலி டிரம்மை வெந்நீரில் ஓட்டுங்கள். தண்ணீர் நுழையும் குழாயின் முனையில் சல்லடை ஒன்று இருக்கிறது. குழாயை மூடி, திருகிக் கழற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் ஐந்து நிமிட வேலை. இயந்திரம் தண்ணீர் எடுக்கவில்லை என்று தொழில்நுட்பரை அழைக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். எங்களுக்கு இரண்டு முறை அதுதான் காரணம்.

7. மாவு, குக்கர், வெப்பம் காக்கும் பானை

கிரைண்டரை நான் மிகவும் மதிக்கிறேன். ஞாயிறு ஒன்றரை மணி நேரம் கொடுத்தால் வாரத்தில் நான்கு காலைகளைத் திருப்பித் தருகிறது. நாலைந்து பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர் மேசைக் கிரைண்டர் போதும். நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உருட்டு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். அரிசி நான்கு மணி நேரம், உளுந்து ஒரு மணி நேரம் ஊறட்டும். உளுந்தை முதலில் போட்டு, குளிர்ந்த நீரைத் தெளித்துத் தெளித்து 25 நிமிடம். பிறகு அரிசி. கல் கழுவிய தண்ணீரை வீணாக்காமல் அரிசி மாவிலேயே சேர்த்துக்கொள்ளலாம். கிரைண்டர் ஓடும் நேரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கைப்பேசியில் மணி வைத்துவிட்டுக் கீரை ஆயுங்கள்.

மாவு புளிப்பதுதான் எல்லோருக்கும் உள்ள குறை. சேலத்தின் ஏப்ரல், மே வெயிலில் ஐந்தாறு மணி நேரத்திலேயே மாவு பொங்கிவிடும். இரவு கரைத்து வைத்துக் காலையில் பார்த்தால் பாத்திரத்தை விட்டு வழிந்திருக்கும். கோடையில் மதியம் அரைத்து, இரவு படுக்கும் முன் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். முழு மாவையும் ஒரே பாத்திரத்தில் வைக்காமல் மூன்று டப்பாக்களில் பிரித்து, ஒன்று தீர்ந்தபின் அடுத்ததைத் திறங்கள். திறந்து மூடி, கரண்டி போட்டுக் கலக்கிய மாவுதான் சீக்கிரம் புளிக்கிறது.

குக்கரில் பெரும்பாலோர் பாதி வசதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஐந்து லிட்டர் குக்கரும் உள்ளே அடுக்கும் பாத்திரங்களும் இருந்தால் சாதம், பருப்பு, காய் மூன்றும் ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் முடியும். அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர். கீழ்ப் பாத்திரத்தில் அரை மணி ஊறிய துவரம்பருப்பு, மஞ்சள், ஒரு சொட்டு விளக்கெண்ணெய். நடுவில் அரிசி. மேலே தண்ணீர் விடாமல் காய். முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்துப் பத்து நிமிடம். நீராவி தானாக அடங்கும்வரை திறக்கக் கூடாது. அந்த நேரத்தில் குழந்தைகளைக் குளிக்க வைத்துவிடலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை விலை குறைவு என்று வாங்காதீர்கள். ரப்பர் வளையம் இறுகி வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

புழுங்கல் அரிசியை வடித்துச் சாப்பிடுகிற வீடுகளுக்கு வெப்பம் காக்கும் பானை அருமையான பொருள். கடையில் தெர்மல் ரைஸ் குக்கர் என்று கேளுங்கள். உள்பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் அரிசியைப் போட்டு, ஏழெட்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அப்படியே தூக்கி வெளிப்பானையில் வைத்து மூடிவிட வேண்டும். முக்கால் மணியில் வடிக்கலாம். அடுப்பு சீக்கிரம் காலியாகும், அடிப்பிடிக்காது, பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. என் மாமியார் முதலில் நம்பவில்லை. இப்போது அவர் சாதத்தை அதில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்வருகிறார்.

8. சந்தை

மளிகையை மாதம் ஒருமுறை லீ பஜாரில் மொத்தமாக வாங்குகிறோம். காய்கறிக்கு உழவர் சந்தை. சூரமங்கலம், அம்மாபேட்டை, அஸ்தம்பட்டி என்று எந்தப் பக்கம் குடியிருந்தாலும் ஒன்று கிட்டத்தில் இருக்கும். காலை ஆறரைக்குள் போனால் இருபது நிமிடத்தில் முடியும். ஞாயிறு எட்டு மணிக்குப் போனால் வண்டி நிறுத்தவே அவ்வளவு நேரம் ஆகும். புதன்கிழமை போய்ப் பாருங்கள். சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து உரித்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். இரவே ஜவ்வரிசியைக் களைந்து அளவாகத் தண்ணீர் தெளித்து வைத்தால் காலை உப்புமா பத்து நிமிடம்.

9. ஏற்காட்டில் குடியேறுகிறவர்களுக்கு

என் தங்கை அங்கே இருப்பதால் தெரியும், கீழே பலிக்கும் கணக்கு மேலே பலிக்காது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் மசியாது என்று அவள் பருப்பைக் குறைசொல்லிக்கொண்டிருந்தாள், உயரம்தான் காரணம். மலைவீட்டுக்கு முதல் கருவி குக்கர். தணித்த தீயில் நான்கு நிமிடம் கூட்டி வையுங்கள்.

மாவு அங்கே பொங்காது. மார்கழியில் ஒரு நாள் முழுக்க வைத்தாலும் கல்லாகவே இருக்கும். தங்கை கண்டுபிடித்த வழி இது: தெர்மல் குக்கரின் வெளிப்பானைக்குள் மாவுப் பாத்திரத்தையும் பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீரையும் வைத்து மூடிவிடுகிறாள். காலையில் மாவு பொங்கி நிற்கிறது.

பெரிய கருவி எதையும் சேலத்தில் வாங்கும் முன் இரண்டு கேள்விகளை எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். மலைக்கு மேல் வீட்டு வாசல்வரை இறக்குவார்களா? பழுதானால் பணியாள் மேலே வருவாரா, வந்தால் கட்டணம் எவ்வளவு? 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஒரு சின்ன பாகத்துக்காக இரண்டு முறை வருவதற்கு யாரும் விரும்புவதில்லை. கனமழையில் பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் எந்தப் பொருளையும் நாள் குறித்து நம்பாதீர்கள்.

10. ரசீதும் உத்தரவாதமும்

ஆடித் தள்ளுபடியில் விலை குறையும், உண்மைதான். ஆனால் அந்த வாரங்களில் நிறுவ ஆள் கிடைப்பது கடினம். கோட்டை மாரியம்மன் பண்டிகை நாட்களில் கடைவீதிப் பக்கம் வண்டி நுழையவே முடியாது. ஆடியில் பணம் கட்டி, ஆவணியில் இறக்கச் சொல்லுங்கள். உத்தரவாதக் காலம் பில் தேதியிலிருந்து தொடங்குகிறதா, நிறுவிய தேதியிலிருந்தா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணும் கருவியின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். கடைப் பில்கள் பல, ஓராண்டில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும் வகையைச் சேர்ந்தவை. வாங்கிய அன்றே படம்பிடியுங்கள். கடையும் நிறுவனமும் மாறி மாறிக் கையை விரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டாம் முறை வந்ததற்காக என்னிடம் வாங்கிய கட்டணத்தை அங்கே புகார் செய்தபிறகுதான் திருப்பித் தந்தார்கள். 19 நாள் ஆயிற்று. பில்லின் பின்புறத்தில் “நிறுவல் இலவசம்” என்று கடைக்காரர் கைப்பட எழுதியிருந்ததுதான் எனக்கு உதவியது.

வாடகை வீட்டில் நீங்கள் சொந்தச் செலவில் பொருத்திய பம்ப், நீர்மட்டக் கருவி போன்றவை யாருக்குச் சொந்தம் என்பதை ஒப்பந்தத்தின் அடியில் ஒரு வரியாக எழுதி உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வீடு மாறும்போது துவைக்கும் இயந்திரத்தை அந்த நான்கு போல்ட்டுகளைத் திரும்ப மாட்டாமல் ஏற்றக் கூடாது. எங்களுடையவை ஒரு சின்னத் துணிப்பையில், மேலே சீட்டு எழுதி, ஆவணப் பைக்குள்ளேயே இருக்கின்றன.